ரவூப் நானாவின் செவ்வாய்க்கிழமை விலை

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் நடந்த பாதையில் இனி யாரும் நடக்கப் போவதில்லையாம். பெரிய கடைகளின் பணப்பெட்டிகள் தாங்களே விலைகளைக் கணினிக்கு அனுப்பிவிடுகின்றன. சிறு கடைகளை வேறு வழியில் பார்த்துக்கொள்வார்களாம். நல்லது என்றேன். அதே கிழமையில் எங்கள் சங்க மலர்க் குழுவினர் வந்து, “அங்கிள், சாமான் விலை ஏன் இப்பிடி ஏறுது எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ” என்று கேட்டார்கள். விலை ஏன் ஏறுகிறது என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விலையை எழுதியவன் மட்டுமே. அதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

முப்பத்தொரு வருடங்கள் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்துக்காகச் சிட்னிக் கடைகளில் விலை எடுத்தேன்; எந்தப் பொருள் என்ன விலை என்று நேரில் பார்த்து எழுதுவதுதான் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று. ஆக நூற்று இருபத்து நான்கு சுற்றுகள். பதினேழு சோடிச் சப்பாத்துகள் தேய்ந்தன. மழையில் நனைந்து இரண்டு படிவக்கட்டுகள் பாழாயின. ஒரு நாய்க்கடி, அதுவும் கடையில் அல்ல, பரமட்டா பஸ் தரிப்பிடத்தில்.

தொடங்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கடையில் விலை எடுத்தோம் என்பதை உயிருள்ளவரை வெளியே சொல்லமாட்டோம் என்று எழுத்தில் சத்தியம் செய்தவர்கள் நாங்கள். ஆகவே கீழே வரும் கடைக்காரர் பெயர் ரவூப் அல்ல. கடை சிட்னியின் ஹரிஸ் பார்க்கில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளையும் மாற்றியிருக்கிறேன். விலைகளையும் ஒரே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். எண்ணை மாற்றி எழுதுவது எனக்கு எவ்வளவு சங்கடமான வேலை என்பதை என்னைத் தெரிந்தவர்கள் அறிவார்கள். கடைக்காரரிடம் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு திருத்தம் மட்டும் சொன்னார், அதைச் செய்துவிட்டேன்.

கொழும்பில் நான் படித்ததையும் பழகியதையும் ஒரு பந்தியில் முடித்துவிடலாம். பொருளியலில் ஒரு பட்டம், பிறகு ஒரு திணைக்களத்தில் ஆறு வருட எழுத்து வேலை. அது விலைக் கட்டுப்பாட்டுக் காலம். கடை வாசலில் பலகை தொங்கும். பலகையில் அரசாங்க விலை இருக்கும். அந்த விலைக்குக் கடையில் சாமான் இருக்காது. சாமான் பின்பக்கம் வேறு விலைக்கு இருக்கும். நான் எதை எழுதுவது என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். “பலகையில இருக்கிறதை எழுதும் தம்பி. பின்பக்கம் போய் எழுதினீரெண்டால் எனக்கும் உமக்கும் வேலை போகும்” என்றார். எழுதினேன். ஆறு வருடமும் பலகையைத்தான் எழுதினேன்.

சிட்னியில் என்னை வேலைக்கு எடுத்தவர் ஜூடித். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் பிரிவின் பொறுப்பாளர். என் பெயர் லோகநாதன் என்றதும் மற்றவர்கள் எல்லாரும் லோகன் என்று சுருக்கிக்கொண்டார்கள். ஜூடித் மட்டும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் பிரித்துப் பிரித்து எழுதி, நான்கு முறை சொல்லிப் பார்த்து, ஐந்தாம் முறை சரியாகச் சொன்னார். நான் ஓய்வுபெறும் நாள்வரை முழுப்பெயர்தான். பொருளின் பெயரையும் அளவையும் முழுதாக எழுது என்று எங்களுக்குச் சொன்னவர், மனிதர் பெயரிலும் அதையே செய்தார்.

அவர் கற்றுத் தந்தவை மூன்று கேள்விகள். பொருள் அந்த இடத்தில் இருக்கிறதா? போன முறை இருந்த அதே பொருள்தானா? இன்று இந்த நேரத்தில் தெருவால் போகிற ஒருவர் உள்ளே வந்தால் அதற்கு என்ன கொடுப்பார்? மூன்றாவது கேள்வியை மட்டும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார். கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பது முக்கியமில்லை. தெருவால் போகிறவர் என்ன கொடுப்பார் என்பதுதான் விலை.

ஒருமுறை பிஸ்கட் விலை மாறவில்லை என்று எழுதிக்கொடுத்தேன். ஜூடித் தன் மேசை லாச்சியைத் திறந்து இரண்டு பக்கெற்றுகளை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் இடது கை மேலே போவது எனக்கே தெரிந்தது. பழைய பக்கெற் இருநூற்றைம்பது கிராம், புதியது இருநூற்று இருபத்தைந்து. விலை அதேதான். “பத்து சதவீதத்தை உன் கை கண்டுபிடித்துவிட்டது. இனிக் கண்ணையும் பழக்கு” என்றார். பிறகு ஒரு பக்கெற்றைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்.

இன்னொன்று. அவுஸ்திரேலிய டொலர் அமெரிக்க டொலரையும் தாண்டி நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் மலியும் என்றார்கள். தொலைக்காட்சிப் பெட்டி மலிந்தது. நான் விலை எடுத்த சப்பாத்துக் கடையில் ஒரு சதமும் குறையவில்லை. கேட்டால் இது பழைய சரக்கு என்றார் முகாமையாளர். பிறகு டொலர் இறங்கியது. இறங்கி இரண்டு கிழமைக்குள் அதே சப்பாத்து பத்து டொலர் கூடிவிட்டது. இப்போது பழைய சரக்கு இல்லையா என்று கேட்க வாய் துடித்தது. படிவத்தில் இரண்டு வரி எழுதியும் விட்டேன். ஜூடித் அந்த வரிகளை விரலால் தொட்டுக் காட்டி, “லோகநாதன், இந்தப் படிவத்தில் கோபத்துக்குக் கட்டம் இல்லை” என்றார். அதுவும் சரிதான்.

இனி ரவூப் நானாவின் கடை.

ரவூப் நானா கொழும்புப் பக்கத்து முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். ஹரிஸ் பார்க்கில் பத்தடி அகலக் கடை. அரிசி, தேங்காய்ப்பால், மாசிக் கருவாடு, எல்லாம் இலங்கைச் சாமான். நான் அங்கே எடுத்த விலைகளில் ஒன்று யாழ்ப்பாணக் கறித்தூள். ஐந்நூறு கிராம், ஊரிலேயே அடைத்து வருவது. ஒவ்வொரு காலாண்டிலும் நடு மாதத்தின் இரண்டாவது செவ்வாய், காலை பத்துப் பத்துக்கு நான் அங்கே நிற்பேன். பத்து ஒன்பதும் இல்லை, பத்துப் பதினொன்றும் இல்லை. அலுவலகம் கேட்டது அதே செவ்வாய் என்பதை மட்டுமே. நேரத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஒழுங்கு என்று நினைத்தேன்.

நான் வரும்போது ரவூப் நானா எழுந்து நிற்பார். “வாங்க சேர்” என்பார். ஒரு கோப்பை பிளேன்ரீ தரட்டுமா என்பார், நான் மறுப்பேன். சாமான் அடுக்கிய தட்டில் விலைச்சீட்டைப் பார்ப்பேன், பக்கெற்றைத் திருப்பி நிறையைப் பார்ப்பேன், எழுதுவேன். ஏழு டொலர் ஐம்பது. அடுத்த காலாண்டும் ஏழு ஐம்பது. மூன்றாவதும். மற்ற எல்லாக் கடைகளிலும் இலங்கைச் சாமான் ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. இந்தத் தூள் மட்டும் அசையவில்லை. அலுவலகக் கணினி அதைப் பிடித்து எனக்கு ஒரு கேள்வி அனுப்பியது: விலை மாறாதது உறுதியா? நான் ‘உறுதி, நேரில் பார்த்தேன்’ என்று பதில் எழுதினேன். அப்படி இரண்டு முறை எழுதினேன்.

இன்னொன்றையும் கவனித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. என் செவ்வாய்க்கிழமைகளில் அந்தத் தட்டுக்கு முன்னால் சனம் கூடிக்கொண்டே போனது. முதலில் இரண்டு பேர், பிறகு நான்கு, ஐந்தாவது முறை ஒன்பது. பெரும்பாலும் என் வயதுப் பெண்கள், கையில் உருட்டும் பையுடன். அவர்களில் ஒரு அன்ரி என்னைப் பார்த்துச் சிரித்து, “நீங்கள் அடுத்த முறை எப்ப தம்பி வருவீங்கள்?” என்று கேட்டார். அறுபத்தெட்டு வயதில் தம்பி. நான் கூச்சத்தோடு திகதியைச் சொன்னேன். நம்முடைய சனம் என் வேலையை மதிக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தபடி ஸ்டேசனுக்கு நடந்தேன்.

அந்த ஐந்தாவது செவ்வாய்க்கு இரண்டு நாள் கழித்து, குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற தங்கச்சியுடன் என் மனைவி பவானி கடைக்குப் போய் வந்தாள். குசினி மேசையில் சாமான்களை எடுத்து வைத்தாள். அதில் அந்தக் கறித்தூள். அதே பெயர், அதே ஐந்நூறு கிராம். கூட வந்த பில்லில் ஒன்பது எண்பது.

“இது எங்க வாங்கினது?”

பவானி கடையின் பெயரைச் சொன்னாள். நான் அங்கே விலை எடுக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் சொன்னதில்லை.

“ஒன்பது எண்பதா?”

“ஓம். எப்பவும் அந்த விலைதானே இப்ப.”

“எப்பவும் எண்டால் எப்ப இருந்து?”

“என்னப்பா இது, கொலைக் கேசு விசாரிக்கிற மாதிரி. எனக்கென்ன தெரியும்? பில்லெல்லாம் உங்கட பெட்டிக்குள்ளதான் கிடக்கு. நீங்கள்தானே ஒண்டையும் எறிய விடுறேல்லை.”

உண்மைதான். எங்கள் வீட்டில் பில் எறிவதில்லை. பெட்டியைக் கொட்டினேன். இதோடு சேர்த்து, ஒன்றரை வருடத்தில் அந்தக் கடையின் பில் ஆறு இருந்தன, நான்கில் கறித்தூள். எட்டு இருபது. எட்டு தொண்ணூறு. ஒன்பது நாற்பது. ஒன்பது எண்பது. நான் எழுதிய எண்கள் எனக்கு மனப்பாடம். எந்தப் பில்லும் அவற்றோடு ஒத்துப்போகவில்லை.

“பெட்டியைத் திருப்பி அடுக்கி வையுங்கோ” என்றாள் பவானி. “ரெண்டு டொலருக்காக ஒரு மனுசனுக்கு முகம் இப்பிடி வெளிறுமோ?”

இரண்டு டொலருக்காக அல்ல. ஐந்து காலாண்டுகளாக யாருமே கொடுக்காத ஒரு விலையை நாட்டின் கணக்கில் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை உறுதி என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடத்துக்குச் சற்று அதிகம் இருந்தது. பலகையை எழுதிய ஆறு வருடத்தைக் கழுவத்தான் இந்த நாட்டில் இத்தனை வருடம் நடந்தேன் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கு அன்று மேசையில் நான்கு துண்டுக் கடதாசியாகக் கிடந்தது.

அடுத்த நாள் காலை முதல் ரயிலில் அலுவலகம் போனேன். சட்டைப் பையில் ஒரு உறை. உள்ளே வேலை விலகல் கடிதம்.

ஜூடித்தின் முறை இதுதான்: நாம் தவறு சொல்ல வந்தால் அவர் கதிரையைத் தள்ளிவிட்டு வந்து மேசையின் நம் பக்கத்தில் உட்காருவார். பேனாவை மூடி வைத்துவிடுவார். “நீ பார்த்ததை முதலில் சொல். நினைத்ததைப் பிறகு சொல்லலாம்” என்பார். சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. நடுவில் குறுக்கிடவில்லை.

“கடைக்காரரிடம் பேசினாயா?”

“இல்லை. முதலில் உங்களிடம் வந்தேன்.”

“நல்லது.”

உறையை நீட்டினேன். வாங்கினார், திறக்கவில்லை. திருப்பி, அதன் வெறும் பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். மக்கள் செலவில் உணவுக்கு எவ்வளவு பங்கு, அதில் மசாலாச் சாமானுக்கு எவ்வளவு, அதில் இந்த ஒரு கடைக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொண்டே போனார். கடைசியில் ஒரு புள்ளி, அதன் பின்னால் பூச்சியங்கள். நான் எண்ணினேன். ஆறு. ஏழாவது இடத்தில்தான் ஒரு எண் வந்தது.

“வெளியான எண் எதுவும் இதனால் அசையவில்லை, லோகநாதன்.”

எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. என் முப்பது வருடப் பயம் ஆறு பூச்சியத்துக்குப் பின்னால் நின்றது.

“அதனால் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை” என்றார் உடனே. “பரவாயில்லை என்று எல்லாரும் நினைத்தால் பூச்சியம் ஒவ்வொன்றாகக் குறையும்.”

பிறகு இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, இந்தக் காலாண்டில் ஏழு ஐம்பதிலிருந்து ஒன்பது எண்பதுக்கு விலை தாவியது என்று காட்டுவது. அப்படி ஒரே தாவலாக நடக்கவில்லை. மற்றது, இதைப் புதுப் பொருளாக வைத்து இன்றிலிருந்து தொடங்குவது. அப்படிச் செய்தால் அந்த ஏற்றம் எந்தக் காலாண்டிலும் தெரியாமல் போய்விடும். நான் இரண்டாவதைச் சொன்னேன். தாவலைக் காட்டினால் யார் பிழை என்று எல்லாரும் கேட்பார்கள். இரண்டாவது அமைதியாகப் போய்விடும். ஜூடித் என்னையே பார்த்தார்.

“காசு கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். எப்போது கொடுத்தார்கள் என்பதில் நாம் பிழை விட்டோம். கொடுக்கவே இல்லை என்று சொல்வது இன்னும் பெரிய பிழை.”

தாவலைக் காட்டுவது என்று முடிவாயிற்று. கோப்பில் அவர் எழுதிய குறிப்பை நான் வாசித்தேன். பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் முழுப்பெயர் இருந்தது. பிழை விட்டவர் என்று ஒரு இடம் அந்தக் கோப்பில் இல்லை. உறையைத் தன்னுடைய கணக்கு அதில் இருக்கிறது என்று சொல்லித் தானே வைத்துக்கொண்டார். “போய் உண்மையான விலையை எடுத்து வா. அந்த மனிதரைப் பயமுறுத்தாதே.”

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கடைக்குள் போனேன். ரவூப் நானா என்னைக் கண்டதும் எழுந்தார். எழுந்தவரின் கை பணப்பெட்டிக்குக் கீழே இருந்த லாச்சிக்குப் போனது.

“சேர், இன்டைக்கு செவ்வாய் இல்லையே.”

“இல்லை நானா. லாச்சிக்குள்ள என்ன?”

அவர் உள்ளே இருந்ததை எடுத்து மேசையில் வைத்தார். விலைச்சீட்டுகள்; ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டு. கறித்தூள், ஏழு ஐம்பது. சிவப்புப் பச்சையரிசி, தேங்காய்ப்பால், நான் விலை எடுக்கிற ஐந்து சாமான்களுக்கும் பழைய விலைச்சீட்டுகள். மற்ற நான்கில் வித்தியாசம் சில சதங்கள்தான்.

“நீங்க வாற அண்டைக்கு மட்டும் இதைப் போடுற” என்றார். “ஆனா சேர், அல்லாவுக்காக, அந்த நேரத்துல ஆரும் வந்தா அந்த விலைக்குத்தான் குடுத்த. ஏமாத்தல்ல. அந்தக் கிழவிகள் எப்பிடியோ கண்டுபிடிச்சிட்டுது. நீங்க வந்தா சாமான் மலிவெண்டு. போன முறை முப்பது பக்கெற் போச்சு. எனக்கு ஒவ்வொண்டுலயும் நட்டம்.”

தம்பி எப்ப வருவீங்கள் என்று அந்த அன்ரி ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ஏன் நானா இப்பிடி?”

“ஏன் எண்டு கேக்குறீங்க. கவர்மெண்ட் ஆள் வந்து விலையைப் பாத்து எழுதிட்டுப் போனா அடுத்து என்ன வரும்? எங்கட வாப்பாவுக்கு ஒரு கடை இருந்த. கட்டுப்பாட்டு விலைக்கு மேல செத்தல் மிளகாய் வித்தாரெண்டு சீல் வெச்சிட்டுப் போனாங்க. அவர் வாங்கினதே அதுக்கு மேல. அதுக்குப் பிறகு அவர் கடை திறக்கவே இல்ல, சேர். வீட்டுல படுத்தவர்தான்.”

கொழும்பில் நான் பார்த்தெழுதிய பலகைகள் எனக்குத் தெரியும்.

“இந்த நாட்டில அப்பிடி இல்லை. விலையை நீங்கள் வைக்கிறது. நான் எழுதுறது மட்டும்.”

“எழுதி?”

“எல்லாக் கடை விலையையும் கூட்டிப் பாத்து, வாழ்க்கைச் செலவு எவ்வளவு ஏறினது எண்டு சொல்லுவினம். பென்ஷனைக் கூட்டேக்க அந்தக் கணக்கையும் பாப்பினம்.”

ரவூப் நானா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் குறைச்சுப் போட்டா, அந்தக் கிழவிகளுக்குப் பென்ஷன் குறையுமா?”

ஆறு பூச்சியங்கள் ஞாபகம் வந்தன. “கொஞ்சம். மிகக் கொஞ்சம்” என்றேன்.

“அல்லாவே. நட்டத்துக்கும் குடுத்து, பென்ஷனையும் குறைச்சா நான்?”

இருவரும் சிரித்தோம். கறித்தூள் ஒன்பது எண்பது என்று எழுதிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவருடைய பிளேன்ரீயைக் குடித்தேன்.

அவர் தன் இறக்குமதிப் பற்றுச்சீட்டுகளை எடுத்து விரித்தார். நான் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அந்த ஒன்றரை வருடமும் இலங்கை ரூபாயை அரசாங்கம் ஒரே மதிப்பில் பிடித்து வைத்திருந்தது. “ஊர்ல மிளகாய் ஏறுது, மல்லி ஏறுது, டீசல், கூலி எல்லாம் ஏறுது. நூறு ரூபாய்த் தூளுக்கு இப்ப நூத்தி முப்பது கேக்கிறான். சரி, ரூபாய்க்கு ஊருல மதிப்புக் குறைஞ்சிட்டு. அப்ப என்ட டொலருக்குக் கூட ரூபாய் தரணும்தானே? பேங்க்ல கேட்டா போன வருஷத்துக் கணக்குத்தான். அப்ப முப்பது வீதமும் என்ட தலையில.” அதோடு தூள் அடைக்கிறவருக்கும் மிளகாய் இந்தியாவிலிருந்து வரவேண்டும். அதற்கு டொலர் வேண்டும். வங்கியில் அந்த மலிவு விலைக்கு டொலர் கிடைப்பதில்லை. வெளியில் கூடக் கொடுத்து வாங்குகிறார். அதையும் பக்கெற்றின் மேல் போடுகிறார்.

பல்கலைக்கழகத்தில் மூன்று விரிவுரைகளில் கேட்டதை ரவூப் நானா நான்கு பற்றுச்சீட்டில் காட்டிவிட்டார். மிகையாக மதிப்பிட்ட நாணயம் என்று நாங்கள் படித்தோம். ஊருக்குள் மெலிந்துகொண்டே போகிற காசை வெளியே கொழுத்த விலைக்கு நிறுத்தி வைத்தால், அந்த வித்தியாசத்தை யாராவது கொடுக்க வேண்டும். ஹரிஸ் பார்க்கில் கறித்தூள் வாங்குகிறவரும் கொடுத்தார். ரவூப் நானாவின் இலாபம் முன்பைவிடக் குறைந்திருந்ததையும் கண்டேன். அதை அப்போது வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சொல்ல முடியாததற்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. அடுத்த காலாண்டுச் செவ்வாயில் நான் போனபோது பதினொரு பேர் தட்டுக்கு முன்னால் நின்றார்கள். சீட்டில் பத்து டொலர் இருபது.

“என்ன தம்பி, இண்டைக்கு விலை குறையேல்லை?” என்றார் அந்த அன்ரி.

“இனிக் குறையாது அன்ரி” என்றார் ரவூப் நானா. “சேர் இனி எப்ப வந்தாலும் ஒரே விலைதான்.”

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப இவர் வந்து ஏத்திப்போட்டார். எங்கட ஆள் ஒருத்தர் கவர்மெண்டில இருந்தால் இதுதான் நடக்கும்.” அந்த மாதம் கோயிலில் இரண்டு பேர் என்னுடன் பேசவில்லை. பவானிக்கு ஏன் என்று தெரியவில்லை. நான் எழுதினேன்: பத்து இருபது. அந்தத் தட்டில் ஒன்றரை வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் எழுதிய முதல் உண்மையான எண் அது. அந்தக் கடையை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். அதுதான் வழக்கம். ஜூடித் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் என் பட்டியலில் அந்தக் கடை இருந்தது. கேட்டு வாங்கியிருந்தாலும் இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குக் கிடைத்திருக்காது.

பிறகு இலங்கையில் ரூபாயை ஒரே மதிப்பில் பிடித்து வைப்பதை விட்டுவிட்டார்கள். அது எப்படி விழுந்தது, அங்கே சனம் எவ்வளவு பட்டது என்பதெல்லாம் நீங்கள் அறிந்தது. என் தம்பி குடும்பம் பட்டதை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் படிவத்துக்கு வந்தது இவ்வளவுதான்: ரவூப் நானாவின் டொலருக்கு முன்பைவிடக் கூட ரூபாய் கிடைத்தது. ஊரில் விலை இன்னும் ஏறியும், இரண்டு கப்பல் கழித்து அவருக்குச் சரக்கு மலிந்தது.

என் கடைசிச் சுற்று. தட்டில் கறித்தூள் எட்டு தொண்ணூறு. பக்கெற்றைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்நூறு கிராம். படிவத்துக்குப் பதிலாக வந்திருந்த கைக்கருவியை நான் எடுத்ததும் ரவூப் நானா கதிரையிலிருந்து எழுந்தார்.

“சேர், ஒண்டு கேக்கலாமா? குறைச்சாலும் எழுதுவீங்களா?”

“ஏன் நானா?”

“இல்ல, கூட்டினாத்தான் எழுத ஆள் வரும் எண்டு நெனச்ச. குறைச்சதை ஆரு எழுதுற?”

“ரெண்டையும் எழுதுறதுதான் வேலை.”

அவர் பணப்பெட்டியைப் பூட்டிவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். எட்டை அழுத்தினேன், ஒன்பதை அழுத்தினேன், பூச்சியத்தை அழுத்தினேன். போன முறை விலையையும் இந்த முறை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, இறங்கியது உறுதியா என்று கருவி கேட்டது.

“உறுதியெண்டு போடுங்க சேர்” என்றார்.

நூற்று இருபத்து நான்கு சுற்றில் எத்தனையோ கடைக்காரர்கள் என்னைத் துரத்தியிருக்கிறார்கள், சிலர் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். தன் விலையை நான் எழுதும்போது பக்கத்தில் வந்து நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.